தலைமன்னார் டு தனுஷ்கோடி: 30 கி.மீ. கடலை நீந்த வேகம் முக்கியமில்லை... அப்போ எது?

100 மீட்டருக்கு 2 நிமிடம் 45 விநாடி. உங்கள் ஊர் நீச்சல் குளத்துக்குக் காலையில் போனால், இதைவிட வேகமாக நீந்தும் நான்கைந்து பேரையாவது பார்க்கலாம். போட்டிகளுக்குப் பயிற்சி எடுக்கும் பள்ளி மாணவர்கள் இதில் பாதி நேரத்தில் முடித்துவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

ஆனால், இதே வேகத்தில் 13 மணி 43 நிமிடம் விடாமல் நீந்தினால், தலைமன்னாரில் இறங்கியவர் தனுஷ்கோடியில் கரையேறிவிடலாம். 2021 மார்ச் 19 அன்று ஹைதராபாத்தைச் சேர்ந்த கோலி சியாமளா செய்தது இதைத்தான். அப்போது அவருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. அனிமேஷன் துறையில் இருந்தவர். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் முறையாக நீச்சல் கற்றுக்கொண்டார். சின்ன வயதிலிருந்தே குளத்தில் கிடந்தவர் அல்ல, தேசிய அணியில் ஆடியவரும் அல்ல.

இவருக்கு முன்பு, 2004-ல் இதே கடலை நீந்திக் கடந்தவர் வங்காளத்தின் புலா சௌத்ரி. தேசிய சாம்பியன், அர்ஜுனா விருது பெற்றவர், ஆங்கிலக் கால்வாயை இரண்டு முறை கடந்தவர். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 13 மணி 52 நிமிடம். அதாவது, நடுவயதில் நீச்சல் கற்ற ஒருவர், நாட்டின் மிகச் சிறந்த நெடுந்தூர நீச்சல் வீராங்கனை ஒருவரைவிட 9 நிமிடம் முன்னதாகக் கரை சேர்ந்திருக்கிறார்.

அப்படியென்றால் சியாமளா, புலாவைவிடப் பெரிய நீச்சல்காரரா? இல்லை. இருவரையும் ஒரே குளத்தில் இறக்கிவிட்டால் போட்டி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பாக் நீரிணை குளம் இல்லை. இங்கே கணக்கே வேறு.

ஒரே ஆள், ஒரே கை: 10 மணி நேரமா, 25 மணி நேரமா?

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கும் இடையே சுமார் 30 கி.மீ. மேலே சொன்ன வேகத்தை மணிக்கணக்கில் சொன்னால் மணிக்கு 2.2 கி.மீ. கடைத்தெருவில் வேடிக்கை பார்த்துக்கொண்டே நடப்பவர்கூட இதைவிட வேகமாகப் போவார்.

இந்த வேகத்தில் நீந்துபவருக்கு எதிராகக் கடல் நீரோட்டம் மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் உண்மையில் முன்னேறுவது மணிக்கு 1.2 கி.மீ. மட்டுமே. 30 கி.மீ. கடக்க 25 மணி நேரம் ஆகும். அதே நீரோட்டம் அரை கி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னாலிருந்து தள்ளினால்? 11 மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. ஆள் மாறவில்லை, கை வீச்சு மாறவில்லை. மாறியது தண்ணீர் மட்டும்.

நேர் எதிராக ஓடும் நீரோட்டத்தைவிடக் குறுக்கே ஓடுவது இன்னும் மோசம். நீந்துபவருக்கு அது தெரியவே தெரியாது. அவர் பாட்டுக்கு மேற்கே நீந்துகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். கடல் அவரை மெல்ல வடக்கிலோ தெற்கிலோ கொண்டுபோய்க்கொண்டிருக்கும். கூட வரும் படகில் இருப்பவர்தான் அவருடைய கண். அதனால்தான் இந்த நீச்சலில் பாதி வேலை படகோட்டியுடையது என்கிறார்கள். மன்னார் வளைகுடா மீனவர்கள் நீரோட்டத்தை ‘நீவாடு’ என்பார்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர் படகில் இருந்தால் நீந்துபவருக்குச் சில கிலோமீட்டர்கள் மிச்சம்.

ஏன் எல்லோரும் மார்ச், ஏப்ரலில் வருகிறார்கள்?

தனுஷ்கோடி சாலையில் போனவர்களுக்கு இது தெரியும். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறு பக்கம் மன்னார் வளைகுடா. அமைதியாகக் கிடக்கும் வடக்குப் பக்கத்தைப் ‘பெண்கடல்’ என்றும், அலையடிக்கும் தெற்குப் பக்கத்தை ‘ஆண்கடல்’ என்றும் உள்ளூரில் சொல்வார்கள். ஆனால், பெண்கடல் எப்போதும் சாது என்று நம்பிவிடக் கூடாது. அக்டோபரிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று வாடையாக வீசும்போது கொந்தளிப்பது அந்தப் பக்கம்தான். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவம் பிடித்தால் மன்னார் வளைகுடாவின் முறை.

இந்த இரண்டுக்கும் நடுவே காற்று ஓயும் சில வாரங்கள் உண்டு. பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. சியாமளா நீந்தியது மார்ச் 19. மும்பையின் ஜியா ராய் நீந்தியது 2022 மார்ச் 20. தேனியைச் சேர்ந்த 10 வயது ஜெய் ஜஸ்வந்த் சுமார் பத்தரை மணி நேரத்தில் கடந்தது 2019 மார்ச்சில். மிகிர் சென் 1966-ல் இறங்கியது ஏப்ரல் 5. அரை நூற்றாண்டாக எல்லோரும் ஒரே சன்னல் வழியாகத்தான் நுழைகிறார்கள்.

அந்தச் சன்னலுக்குள்ளும் எந்த நாள், எந்த மணி என்று பார்க்க வேண்டும். பகலில் வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும். இங்கே கடல் ஆழம் குறைவு என்பதால் லேசான காற்றுக்கே அலைகள் குட்டையாகவும் அடுத்தடுத்தும் எழும்பும். மூச்செடுக்க முகத்தைத் திருப்பும் நேரம் பார்த்து வாயில் தண்ணீர் அடிக்கும். அதனால்தான் பெரும்பாலானோர் நள்ளிரவுக்குப் பிறகோ விடிவதற்கு முன்போ தலைமன்னாரில் இறங்குகிறார்கள். முதல் சில மணி நேரம் இருட்டில்தான் நீச்சல். உடலில் கட்டிய சிறு விளக்கை வைத்துத்தான் படகில் இருப்பவர்கள் ஆளை அடையாளம் காண்பார்கள்.

குளிர் கொல்லாது, சூடு கொல்லும்

நெடுந்தூர நீச்சல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ஆங்கிலக் கால்வாய். அங்கே கோடையிலும் தண்ணீர் 15 முதல் 18 டிகிரிதான். உடம்பு விறைத்துப் போவதுதான் ஆபத்து. யூடியூபில் கிடைக்கும் பயிற்சி வீடியோக்களில் பாதி இந்தக் குளிரைத் தாங்குவது பற்றித்தான் பேசும். அதைப் பார்த்துவிட்டு ராமேஸ்வரத்துக்கு வந்தால் சிக்கல்.

இங்கே ஏப்ரலில் கடல் நீர் 30 டிகிரியைத் தொடும். உடல் உழைக்கும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கும். தண்ணீரில் இருப்பதால் வியர்ப்பது தெரியாது. ஆனால் வியர்க்கும். மேலே வெயில், கீழே வெதுவெதுப்பு, வாயெல்லாம் உப்பு. தாகம் எடுப்பதற்குள் உடம்பு வறண்டிருக்கும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2010 அக்டோபர் 23 அன்று ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் நடந்த 10 கி.மீ. உலகக் கோப்பைப் போட்டியில், 26 வயது அமெரிக்க வீரர் ஃபிரான் கிரிப்பன் வெதுவெதுப்பான கடலிலேயே இறந்துபோனார். கரைக்குச் சில நூறு மீட்டர்தான் பாக்கி. அவர் ஒன்றும் புதியவர் அல்ல, உலகத் தரத்து வீரர். அதன் பிறகுதான் திறந்தவெளி நீச்சல் போட்டிகளுக்குத் தண்ணீரின் உச்ச வெப்பநிலை 31 டிகிரி என்ற வரம்பு பேசப்பட்டு விதியானது. ஏப்ரல் கடைசியில் பாக் நீரிணை இந்த வரம்பை உரசிக்கொண்டுதான் இருக்கும்.

எனவே, சாப்பாடும் தண்ணீரும் இங்கே துணை விஷயம் இல்லை, அதுதான் பிரதான விஷயம். ஒரு மணி நேரம் நீந்தினால் ஆளைப் பொறுத்து 400 முதல் 600 கலோரி செலவாகும். ஓடிக்கொண்டிருக்கும் வயிறு ஒரு மணி நேரத்தில் செரித்துக் கொடுப்பது பொதுவாக 60 கிராம் மாவுச்சத்து, அதாவது 240 கலோரி. மீதியை உடம்பு தன் சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு முறை கயிற்றில் கட்டிய பாட்டிலோ நீண்ட கழியின் முனையில் கோப்பையோ வரும். குளுக்கோஸ் கரைசல், உப்புச் சர்க்கரைக் கரைசல், இளநீர், வாழைப்பழத் துண்டு. மிதந்தபடியே விழுங்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும். படகைத் தொடக் கூடாது. தொட்டால் ஆட்டம் முடிந்தது. வழியில் தட்டுப்படும் மணல் தீடைகளில் ஏறி நின்று இளைப்பாறவும் கூடாது.

சொறி மீன் பட்டால்? நீந்த வேண்டியதுதான். எரிச்சல் எல்லோருக்கும் வரும். ஆனால் மூச்சுத் திணறல் வந்தால் அந்த நொடியே ஏறிவிட வேண்டும். அந்த முடிவை எடுப்பவர் நீந்துபவராக இருக்கக் கூடாது, படகில் இருப்பவராக இருக்க வேண்டும். களைத்த மூளை ‘இன்னும் கொஞ்சம்தான்’ என்று மட்டுமே சொல்லும்.

குளத்திலிருந்து கடலுக்கு: வாரம் 14 மணி நேரம்

வேலைக்குப் போகும் ஒருவரால் இதற்குத் தயாராக முடியுமா? முடியும். ஆனால் நேரக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது.

நெடுந்தூர நீச்சல்காரர்களிடையே நெடுநாளாகப் புழங்கும் ஒரு கணக்கு: ஒரு வாரம் முழுக்கச் சேர்த்து எவ்வளவு தூரம் சிரமமில்லாமல் நீந்துகிறீர்களோ, அதை நல்ல ஏற்பாட்டுடன் ஒரே நாளில் நீந்திவிடலாம். அப்படியானால் 30 கி.மீ. கடலுக்கு வாரம் 30 கி.மீ. பயிற்சி. மணிக்கு 2.2 கி.மீ. வேகத்தில் அது கிட்டத்தட்ட 14 மணி நேரம். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் ஒன்றரை மணி நேரம், சனி, ஞாயிறு தலா மூன்று மணி நேரத்துக்கு மேல். அலுவலகம், போக்குவரத்து, வீடு எல்லாம் இதற்கு வெளியே. 25 மீட்டர் குளம் என்றால் வாரத்துக்கு 1,200 முறை இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும்.

முதல் நாளே இதைச் செய்ய முயன்றால் தோள்பட்டை கழன்றுவிடும். 14 மணி நேர நீச்சலில் கை நாற்பதாயிரம் முறைக்கு மேல் சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் தோள் மூட்டின் சின்னத் தசைநார்கள் உரசுகின்றன. இதயமும் நுரையீரலும் சில மாதங்களில் பழகிவிடும். ஆனால் தசைநார் பழக ஒன்றிரண்டு வருடம் கேட்கும். புதிதாக வருபவர்கள் அடிபடுவது இந்த இடைவெளியில்தான். ‘மூச்சு வாங்கலையே, இன்னும் ரெண்டு கிலோமீட்டர் போடலாம்’ என்று தோன்றும். தோள் மறுநாள் காலையில் பதில் சொல்லும்.

இன்னொன்று, குளத்து நீச்சலில் ஒரு மறைமுக ஓய்வு இருக்கிறது. 25 மீட்டருக்கு ஒரு முறை சுவரை உதைத்துத் தள்ளும்போது கைகளுக்கு இரண்டு விநாடி விடுமுறை. கடலில் சுவர் கிடையாது. அடியில் கறுப்புக் கோடும் கிடையாது. தலையைத் தூக்கித் திசை பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை தூக்கும்போதும் இடுப்பு தாழும், கழுத்து வலிக்கும். குளத்தில் 10 கி.மீ. நீந்தியவர் கடலில் 5 கி.மீ.யில் திணறுவது இதனால்தான். ஆகவே கடைசி சில மாதங்களாவது பயிற்சி கடலில் நடக்க வேண்டும். அதில் ஓரிரு முறை இரவில். சாப்பிடுவதையும் சேர்த்துப் பழக வேண்டும். உப்பு நீர் குடித்த வயிறு எந்தப் பானத்தை ஏற்கும், எதை வாந்தியாக்கும் என்பது கடலில் மட்டுமே தெரியவரும். ஆங்கிலக் கால்வாயில் இறங்க வேண்டுமானால், குளிர்ந்த நீரில் 6 மணி நேரம் நீந்திக்காட்டிய சான்று கேட்பார்கள். பாக் நீரிணைக்கு வருபவரும் அதுபோல ஒரு 6 மணி நேரக் கடல் நீச்சலைத் தனக்குத் தானே தேர்வாக வைத்துக்கொள்வது நல்லது.

சியாமளாவின் நீச்சல் நடந்த காலத்தையும் இந்த இடத்தில் நினைவில் வைக்க வேண்டும். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நாடு முழுக்க நீச்சல் குளங்கள் மூடப்பட்டன. அக்டோபர் 15-க்குப் பிறகுதான், அதுவும் விளையாட்டு வீரர்களின் பயிற்சிக்கு மட்டும், திறக்க மத்திய அரசு அனுமதித்தது. அந்தத் தேதியிலிருந்து 2021 மார்ச் 19 வரை எண்ணினால் ஐந்து மாதம்தான். குளத்தை நம்பியிருந்தவர்கள் பல வருடம் சேர்த்த பலத்தில் ஒரு பகுதியை இழந்து, மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியிருந்த காலம் அது.

தண்ணீரில் ஒரு கோடு

உடம்பு தயார், கடல் தயார் என்றாலும் நேரே போய் இறங்கிவிட முடியாது. 1974-ல் இந்தியாவும் இலங்கையும் வரைந்த சர்வதேசக் கடல் எல்லைக் கோடு இந்த 30 கி.மீ.க்கு நடுவே ஓடுகிறது. இரு நாட்டு அரசுகளின் அனுமதி, இரு நாட்டுக் கடற்படைகளுக்கும் முன்கூட்டியே தகவல், இந்தியக் கடலோரக் காவல் படை, குடியேற்றம், சுங்கம் என்று காகிதங்கள் நீளும். நீந்துபவர் முதலில் ராமேஸ்வரத்திலிருந்து படகில் தலைமன்னார் போக வேண்டும். பிறகுதான் அங்கிருந்து நீந்தித் திரும்பி வருவது. பயிற்சியைவிட இந்த அலைச்சலே ஆளைக் களைக்க வைத்துவிடும்.

எல்லையை நெருங்கும்போது ஒரு நாட்டின் கண்காணிப்பு முடிந்து மறு நாட்டின் கண்காணிப்பு தொடங்குகிறது. நீந்துபவர் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி அதைத் தாண்டிப் போய்விடுவார். இதே கோட்டைத் தாண்டியதாகச் சொல்லித்தான் ராமேஸ்வரம் மீனவர்கள் கைதாகிறார்கள், படகுகள் பறிபோகின்றன. நீச்சல் சாதனைக்குக் கைதட்ட அரிச்சல்முனையில் கூடும் கூட்டத்தில், அந்தக் கோட்டின் மறுபக்கச் சிறையைப் பார்த்தவர்களும் இருப்பார்கள்.

25 மணி நேரம் எப்படி 13 ஆனது?

இந்தக் கடலை நீந்துவது நேற்று வந்த ஆசை இல்லை. 1954-லேயே யாழ்ப்பாணம் தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி, வடக்கே கோடியக்கரைக்கு 27 மணி நேரத்தில் நீந்தி வந்தார். 1971-ல் வல்வெட்டித்துறையின் வி.எஸ். குமார் ஆனந்தன் கோடியக்கரைக்கு நீந்திப் போய், திரும்பியும் நீந்தியே வந்தார். மொத்தம் 51 மணி நேரம். ‘ஆழிக்குமரன்’ என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை. 1984 ஆகஸ்ட் 6 அன்று ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் முயற்சியில் அவர் உயிரிழந்தார்.

தலைமன்னார் – தனுஷ்கோடி பாதையைப் பிரபலமாக்கியவர் மிகிர் சென். கல்கத்தா வழக்கறிஞர். அவரும் தொழில்முறை நீச்சல்காரர் இல்லை, சட்டம் படிக்க லண்டன் போன இடத்தில் ஆங்கிலக் கால்வாய் ஆசை பிடித்தவர். 1958-ல் அதைக் கடந்த முதல் இந்தியர். 1966 ஏப்ரலில் அவர் வந்து கரையேறிய தனுஷ்கோடி, 1964 டிசம்பர் புயல் தின்று முடித்த ஊர். சென்னையிலிருந்து ரயிலில் வந்தவர்களைத் தலைமன்னாருக்கு ஏற்றிச்சென்ற கப்பல் நின்றுபோய் ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. இந்தியக் கடற்படை துணைக்கு வந்தும், சென்னுக்கு 25 மணி 36 நிமிடம் ஆனது.

1994-ல் ஈரோட்டைச் சேர்ந்த 12 வயது குற்றாலீஸ்வரன் சுமார் 16 மணி நேரத்தில் முடித்தார். அதே வருடம் வெளிநாட்டுக் கால்வாய்களையும் கடந்து, ஒரே ஆண்டில் ஐந்து என்ற சென்னின் சாதனையை முறியடித்தார். இன்று 13 மணி நேரம் என்பது பழகிய எண். ஆட்டிசம் பாதிப்புள்ள ஜியா ராய் 13 வயதில் 13 மணி 10 நிமிடத்தில் வந்தார்.

மனிதக் கைகள் இந்த இடைவெளியில் இரண்டு மடங்கு வலுவாகிவிடவில்லை. மேலே போட்ட கணக்கை மறுபடி பாருங்கள். மணிக்கு 1 கி.மீ. நீரோட்டம் எதிர்த்தால் 25 மணி நேரம். சென்னின் காலத்தில் செயற்கைக்கோள் படம் இல்லை, மணிவாரியான காற்று முன்னறிவிப்பு இல்லை, படகில் ஜி.பி.எஸ். இல்லை. குறுக்கு நீரோட்டம் எவ்வளவு தூரம் தள்ளியிருக்கிறது என்பதே பல மணி நேரம் கழித்துத்தான் புரிந்திருக்கும். இன்று படகில் இருப்பவர் கைப்பேசித் திரையைப் பார்த்து ‘கொஞ்சம் இடது பக்கம் வாங்க’ என்று சொல்லிவிடுகிறார். எந்த இரவு காற்று அடங்கும் என்பது நான்கு நாள் முன்பே தெரிகிறது.

அதனால்தான் இந்த நேரங்களைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி அடுக்கி, யார் பெரியவர் என்று பார்ப்பதில் அர்த்தமில்லை. ஒவ்வொருவரும் நீந்தியது வேறு வேறு கடல். அப்படியும் ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால், இலங்கை விமானப்படையின் ரோஷன் அபேசுந்தரவைச் சொல்லலாம். 2021 ஏப்ரலில், சியாமளா நீந்தி மூன்று வாரம் கழித்து, தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வந்து, கரையைத் தொட்டுத் திரும்பி நீந்தியே போனார். 59.3 கி.மீ., 28 மணி 19 நிமிடம். போகும்போது உதவும் நீரோட்டம் வரும்போது எதிர்க்கும். அங்கே அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு.

சியாமளா அரிச்சல்முனையில் கரையேறியபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. இந்த வகை நீச்சலில் கடைசி விதி ஒன்று உண்டு: யாரும் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, தானே எழுந்து நடந்து கரைக்கு வர வேண்டும். பாதி நாள் படுக்கைவாட்டில் இருந்த உடம்பு திடீரென நிமிரும்போது ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும், கால் துவளும். இடுப்பளவு தண்ணீரில் விழுந்து எழுந்து வருபவர்கள்தான் அதிகம்.

அதன் பிறகும் அவர் கடலை விடவில்லை. 2024 டிசம்பர் கடைசியில் விசாகப்பட்டினத்தில் இறங்கி, தினம் ஒரு பகுதியாக நீந்தி, 2025 ஜனவரி முதல் வாரத்தில் காக்கிநாடாவில் ஏறினார். 150 கி.மீ. அப்போது வயது 52.